பூட்டிக் கிடக்கும் பங்களாவுக்கு நாலு கேமரா: மலையில் இந்தப் பேக்கேஜ் தேறுமா?

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் எலெக்ட்ரிக்கல் கடைகளில் கேட்டால் முதலில் எடுத்துப் போடுவது ‘நாலு கேமரா பேக்கேஜ்’தான். 2 மெகாபிக்சல் ஐ.பி. கேமரா நான்கு, படத்தைப் பதிவு செய்கிற நாலு சேனல் என்.வி.ஆர். பெட்டி, 1 டி.பி. ஹார்ட் டிஸ்க், 90 மீட்டர் கேபிள், ஒரு சின்ன யு.பி.எஸ்., செல்போன் ஆப், மாட்டுக்கூலி. எல்லாம் சேர்த்து 25,000 ரூபாயை ஒட்டி வருகிறது. கோவையிலோ சென்னையிலோ இருந்துகொண்டு மலையில் வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்களையும், ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) அப்பா அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வெளியூரில் வேலை பார்ப்பவர்களையும் குறிவைத்து விற்கப்படும் சரக்கு. “காலம் கெட்டுக் கிடக்கு சார், கோடநாட்டுலயே என்ன நடந்துச்சுன்னு தெரியும்ல” என்றால் போதும், பாதி வியாபாரம் முடிந்துவிடும். 2017 ஏப்ரலில் அந்த எஸ்டேட்டில் காவலாளி கொல்லப்பட்டு பங்களா உடைக்கப்பட்டது இன்றைக்கும் மலையில் பேச்சாகத்தான் இருக்கிறது.

சட்டம் ஒழுங்கு கெட்டுவிட்டது என்ற பயத்துக்கு மருந்தாக விற்கிற பொருளை எப்படி எடை போடுவது? கேமரா யாரையும் தடுப்பதில்லை. துணிந்து வருகிறவன் முகத்தை மூடிக்கொண்டு வருவான், அல்லது வரும்போதே கேமராவைத் திருப்பிவிடுவான். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: பின்கதவு தாழ்ப்பாள் பெயர்ந்து கிடக்கிறது என்று காலை ஆறு மணிக்கு கேர்டேக்கர் போன் செய்தால், பத்து மணிக்கு ஸ்டேஷன் மேஜையில் வைக்க உங்களிடம் என்ன இருக்கும்? அந்தக் கணக்கில், கடையில் மாட்டிக் கொடுக்கிற நிலையில் இந்தப் பேக்கேஜுக்கு ஐந்துக்கு இரண்டு. கீழே சொல்கிற மாற்றங்களோடு என்றால் தாராளமாக நாலு கொடுக்கலாம். மாற்றங்களுக்குத் தனியாகச் செலவு ஆகும். பெரிய பங்காளி பேட்டரிதான். வீட்டில் ஏற்கனவே இன்வெர்ட்டர் இருந்தால் அந்தச் செலவு மிச்சம்.

முதல் கோளாறு லென்ஸ். பேக்கேஜில் வருகிற நான்கும் 2.8 எம்.எம். லென்ஸ். கடையில் டி.வி.யில் போட்டுக் காட்டும்போது வாசல், தோட்டம், கேட், பக்கத்து வீட்டு மாடி எல்லாம் ஒரே படத்தில் தெரியும், வாங்குகிறவர் மயங்கிவிடுவார். அத்தனை அகலத்தைப் பிடிக்கிற லென்ஸில் ஆள் எறும்பாகத்தான் தெரிவான். முன்பின் தெரியாத ஒருவரை படத்தை வைத்து அடையாளம் சொல்ல வேண்டுமானால், அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் விழ வேண்டும் என்பது இந்தத் தொழிலில் புழங்கும் அளவு. 125 இருந்தால் பழகியவர் என்றால் இனம் கண்டுகொள்ளலாம். 25 என்றால் ‘ஏதோ ஆள் போகிறான்’ என்பதோடு சரி. 2.8 எம்.எம். லென்ஸ் போட்ட 2 மெகாபிக்சல் கேமராவில் 250 கிடைப்பது சுமார் 3 மீட்டர் தூரம் வரைதான். கேட் 12 மீட்டரில் இருந்தால் 60 சொச்சம். முகம் முழுவதுக்கும் குறுக்கே பத்துப் பிக்சல். அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் கட்டம் கட்டமாகத் தெரியுமே தவிர, சினிமாவில் காட்டுகிற மாதிரி தெளியாது.

எனவே வாங்கும்போதே நான்கில் இரண்டை மாற்றிக் கேளுங்கள். கேட்டுக்கு ஒன்று, 12 எம்.எம். லென்ஸோடு, 10, 12 மீட்டர் தூரத்தில் கேட்டின் அகலத்தை மட்டும் பார்க்கும்படி. பின்வாசலுக்கு ஒன்று, 6 எம்.எம். லென்ஸோடு, அதில் 7 மீட்டர் வரை முகம் தேறும். மாட்டும் உயரம் தரையிலிருந்து 2.2 முதல் 2.4 மீட்டர். ‘கைக்கு எட்டக் கூடாது’ என்று 4 மீட்டர் உயரத்தில் ஓட்டுக்குக் கீழே மாட்டிவிட்டால், வருகிறவனின் மங்கி குல்லாவின் உச்சி மட்டும் அருமையாகப் பதிவாகும். எட்டாத உயரத்துக்கும் ஒரு கேமரா உண்டு: மூன்றாவது, 2.8 எம்.எம். லென்ஸோடு, மற்ற இரண்டு கேமராக்களையும் சேர்த்துப் பார்க்கும்படி. யாராவது கேமராவைத் திருப்பினால் அது இதில் விழும். நான்காவதை வீட்டுக்குள் வையுங்கள். எங்கே என்பதைப் பனிமூட்டத்தைப் பேசிவிட்டுச் சொன்னால்தான் விளங்கும்.

சமவெளியில் பேர் வாங்கிய கேமரா மலையில் தோற்கிற இடம் அதுதான். இரவில் படம் எடுக்க லென்ஸைச் சுற்றியே ஐ.ஆர். எல்.இ.டி., அதாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு, வைத்திருக்கிறார்கள். மேகம் இறங்கியதும் அந்த வெளிச்சம் எதிரில் மிதக்கிற நீர்த்துளிகளில் பட்டு நேரே லென்ஸுக்கே திரும்பி வரும். பர்லியார் வளைவில் பனிமூட்டத்துக்குள் ஹை பீம் போட்டுப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கண்ணெதிரே வெள்ளைச் சுவர். இரவு முழுக்க அந்த வெள்ளையைத்தான் பெட்டி சிரத்தையாகப் பதிவு செய்துகொண்டிருக்கும். போதாததற்கு, அலைகிற மேகத்தை ‘அசைவு’ என்று எடுத்துக்கொண்டு செல்போனுக்கு விடிய விடிய எச்சரிக்கை அனுப்பும். நான்காம் நாள் நீங்களே அதை அணைத்துவிடுவீர்கள். ஐ.ஆர். விளக்குக்கு வருகிற பூச்சியும், பூச்சியைத் தேடி லென்ஸுக்குக் குறுக்கே வலை கட்டுகிற சிலந்தியும் இதே வேலையைச் செய்யும்.

இதற்குக் கேமராவை மாற்றத் தேவையில்லை. மெனுவில் ஐ.ஆரை அணைத்துவிட்டு, 9 அல்லது 12 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றை கேமராவிலிருந்து 2 மீட்டர் தள்ளி, பக்கவாட்டில், கேமராவைவிடத் தாழ்வாக மாட்டுங்கள். வெளிச்சம் குறுக்கே போவதால் துளிகளில் பட்டது லென்ஸுக்குத் திரும்புவது வெகுவாகக் குறைந்துவிடும். இருட்டியதும் தானே எரிகிற சென்ஸார் ஹோல்டர் போட்டால் ஸ்விட்சுக்கு ஆள் வேண்டாம். வெளிச்சம் கிடைத்துவிட்டதால் ஷட்டரை 1/50 நொடியைவிட மெதுவாகாதபடி பூட்டிவிடலாம். தானியங்கியில் விட்டால் இருட்டில் அது மெதுவாகி, நடக்கிற ஆளைப் புகைபோல இழுத்துவிடும். பனிமூட்டத்தில் ஐந்தடிக்கு மேல் கண் தெரியாத ராத்திரியில் இதுவும் கைகொடுக்காது. அந்த ராத்திரிகளுக்குத்தான் வீட்டுக்குள் ஒரு கேமரா. பின்கதவிலிருந்து உள்ளே போகிற நடையில், கதவைப் பார்த்து, 3 மீட்டருக்குள். உள்ளே மேகம் கிடையாது, ஐ.ஆர். ஒழுங்காக வேலை செய்யும். வருகிறவன் கதவு இடுக்கில் குனிந்து நுழைந்து நிமிர்கிற இடம் அது. பல வீடுகளில் உருப்படியான ஒரே படம் இந்தக் கேமராவில்தான் கிடைக்கும். அசைவு எச்சரிக்கையை இந்த ஒன்றுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் நள்ளிரவில் போன் அடித்தால் அதற்கு அர்த்தம் இருக்கும். (கதவை உடைத்தது மனிதன்தானா என்பதையும் இதுதான் சொல்லும். சமையலறை எண்ணெய் வாசனைக்குக் கரடி வருகிற ஊர் இது, கரடிக்கு எஃப்.ஐ.ஆர். கிடையாது, வனத்துறைக்குத்தான் சொல்ல வேண்டும்.)

கேமராவின் உருவமும் முக்கியம். கவிழ்த்த கிண்ணம் போன்ற டோம் வகை மலைக்கு ஆகாது. பகலில் இருபது டிகிரி, விடிகாலையில் ஐந்துக்கும் கீழே என்று ஏறி இறங்குவதால் கிண்ணத்துக்குள் ஈரம் வியர்த்து, காலை ஒன்பது மணி வரை படம் மங்கலாகவே இருக்கும். உருண்டை வடிவ டர்ரெட் வகையில் இந்தத் தொல்லை குறைவு. ஐ.பி. 67 (தூசி, தண்ணீர் புகாது என்பதற்கான குறி) என்று அட்டையில் இருந்தால் மட்டும் போதாது. கேமரா வாலில் தொங்குகிற பிளக்கையும் கேபிளையும் சேர்க்கிற இடம் வெளியே சும்மா தொங்கினால் தண்ணீர் அங்கேதான் இறங்கும். ஜங்ஷன் பாக்ஸ் வைத்து, கேபிளைக் கீழிருந்து வளைத்து மேலே ஏற்றி உள்ளே விடச் சொல்லுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனில் பிடிக்கிற மழைக்கு இதைச் செய்யாத கேமரா ஒரு பருவம் தாண்டாது; குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழைதான் பரீட்சை.

கேபிளில்தான் கடைக்காரர் காசு மிச்சம் பிடிக்கிறார். பேக்கேஜோடு வருவது பெரும்பாலும் அலுமினியக் கம்பிக்குத் தாமிர முலாம் பூசியது. கம்பி நுனியை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். தாமிரத்தைவிட மின்தடை அதிகம்; அதைவிட மோசம், ஈரக்காற்றில் முனைகள் அரித்துவிடும். கேமராவுக்கு மின்சாரமும் அதே கேபிளில்தான் போகிறது. ஐ.ஆர். எரிந்ததும் கூடுதல் கரண்ட் இழுக்கும்போது கடைசிக் கேமரா செத்து மறுபடி உயிர் பிடிக்கும். ‘பகலில் நன்றாக ஓடுகிறது, இருட்டினால் ரீஸ்டார்ட் ஆகிறது’ என்றால் கேமராவைக் கழற்றி அனுப்புவதற்கு முன் கேபிளைச் சந்தேகப்படுங்கள். சுத்தத் தாமிர ‘கேட் 6’ (Cat 6) ரகக் கேபிள், ஒரே துண்டாக, எந்தக் கேமராவுக்கும் 100 மீட்டருக்கு மேல் போகாமல். நடுவில் முறுக்கி டேப் சுற்றின ஜாயிண்ட் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பழைய பங்களாவுக்கு 90 மீட்டர் பத்தாது. 150-க்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வெளியே போகிற இடமெல்லாம் பைப்புக்குள் போகட்டும். குரங்குக்குத் தொங்குகிற கேபிள் ஊஞ்சல். பரணில் எலிக்குப் பல் தேய்க்கிற குச்சி.

மின்சாரம். காற்று மழையில் ஒரு சில்வர் ஓக் மரம் லைன் மேல் சாய்ந்தால் கரண்ட் வர மறுநாள் ஆகலாம். திருடுகிறவனுக்கும் இது தெரியும்; மெயினை இறக்கிவிட்டு வேலையைத் தொடங்குகிறவர்களும் உண்டு. பேக்கேஜில் ‘பேக்கப்’ என்று சொல்லித் தருவது 600 வி.ஏ. யு.பி.எஸ்.; உள்ளே இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி. நான்கு கேமரா, பெட்டி, ரவுட்டர் சேர்ந்து சுமார் 50 வாட் இழுக்கும். அந்த யு.பி.எஸ். ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம். 150 ஆம்பியர் ஹவர் டியூபுலர் பேட்டரி போட்ட சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் என்றால் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாது. டிசம்பர், ஜனவரி உறைபனியில் லெட் ஆசிட் பேட்டரியின் கொள்ளளவு நன்றாகவே இறங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மின்மானிப் பெட்டிக்குப் பூட்டு, இன்வெர்ட்டர் வீட்டுக்குள். இடிக்கு எர்த் சரியாக இருக்க வேண்டும். பாறை நிலத்தில் ஒரு கம்பியை அடித்துவிட்டு ‘எர்த் போட்டாச்சு’ என்பார்கள், அளந்து காட்டச் சொல்லுங்கள்.

பெட்டியை எங்கே வைப்பது? டி.வி. ஸ்டாண்டுக்குக் கீழே வைத்துவிட்டுப் போவதுதான் மாட்டுகிறவர்களின் வழக்கம். உள்ளே வந்தவன் போகிற போக்கில் ஒயரைப் பிடுங்கி அதையும் தூக்கிக்கொண்டு போவான். அத்தோடு கதை முடிந்தது. பரணிலோ பூட்டிய அலமாரியிலோ, காற்று போகிற மாதிரி வையுங்கள். டி.வி. பக்கத்தில் செத்துப்போன பழைய பெட்டி ஒன்றைக் கண்ணில் படும்படி விட்டு வைப்பதும் நல்ல யோசனைதான். கூடவே கேட், உள்நடை கேமராக்கள் இரண்டிலும் 128 ஜி.பி. மெமரி கார்டு, பெட்டி போனாலும் ஒரு நகல் மிஞ்சும். செல்போன் சிக்னல் ஒழுங்காக இருக்கிற இடத்தில் கிளவுட் சேமிப்பும் எடுக்கலாம். மஞ்சூர், குந்தா பக்கம் பல எஸ்டேட்டுகளில் சிக்னல் கிடப்பதே அதிசயம். அங்கே மெமரி கார்டை மட்டும் நம்புங்கள்.

டிஸ்க் கணக்கு. கடையிலிருந்து வரும்போது ஒவ்வொரு கேமராவும் நொடிக்கு 4 மெகாபிட் என்று வைத்திருந்தால் நாளைக்கு 170 ஜி.பி.க்கு மேல் தின்னும். 1 டி.பி. ஆறு நாளுக்குக்கூட வராது. மாதம் ஒரு தடவை வீட்டை எட்டிப் பார்க்கிறவருக்கு ஆறு நாள் பதிவை வைத்து என்ன பயன்? எச். 265 (படத்தை இடம் குறையச் சுருக்குகிற முறை), நொடிக்கு 15 படம், கேமராவுக்கு 1.5 மெகாபிட் என்று மாற்றினால் நாளைக்கு சுமார் 65 ஜி.பி.; 2 டி.பி. டிஸ்கில் முப்பது நாள் நிற்கும். கேமராவுக்கென்றே வருகிற சர்வைலன்ஸ் டிஸ்க் வாங்குங்கள். கம்ப்யூட்டர் டிஸ்க் இருபத்து நாலு மணி நேர எழுத்துக்குத் தாங்காது. ‘அசைவு இருந்தால் மட்டும் பதிவு’ வேண்டவே வேண்டாம்.

கடிகாரம் சின்ன விஷயம்போலத் தெரியும். பல பெட்டிகள் சீன நேரத்தில், அதாவது ஜி.எம்.டி. +8 என்று வரும். நம் நேரம் +5:30. இரண்டரை மணி நேர வித்தியாசம். இரவு 1:10-க்கு நடந்தது பதிவில் 3:40 என்று நிற்கும். அந்த நேரத்தில் சந்தேக நபர் வேறு ஊர் பெட்ரோல் பங்க் கேமராவில் இருந்தால், உங்கள் பதிவு அவனுக்குத்தான் சாட்சி. நேர மண்டலத்தை மாற்றி, இணையத்தோடு நேரம் ஒத்துப்போகும்படி வைத்துவிட்டு, மாதம் ஒருமுறை செல்போன் நேரத்தோடு சரிபாருங்கள்.

இனி ஸ்டேஷன். பெட்டியில் ஓடுவதை மானிட்டரில் போட்டு, செல்போனில் படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் அனுப்புவதுதான் ஊர் வழக்கம். ஆளைத் தேட அது உதவும். கோர்ட்டில் நிற்காது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவின் நகலோடு ஒரு சான்றிதழ் வேண்டும். பழைய சட்டத்தில் 65-பி என்று சொன்னது. இப்போது அதில் இரண்டு பாகம்: ஒன்றைக் கருவிக்குப் பொறுப்பானவர், அதாவது வீட்டுக்காரர், கையெழுத்திட வேண்டும், மற்றதை நிபுணர். ஃபைலின் ஹாஷ் எண்ணையும் (ஃபைலில் துளி மாறினாலும் மாறிவிடுகிற, அதன் கைரேகை மாதிரியான எண்) எழுத வேண்டும். அதனால் பெட்டியிலிருந்து நேராகப் பென் டிரைவில், பெட்டியின் சொந்த ஃபார்மட்டிலும் எம்.பி. 4-லிலும், சம்பவத்துக்கு அரை மணி முன்னும் பின்னும் சேர்த்து எடுங்கள். வெட்டாதீர்கள், சுருக்காதீர்கள், பெயர்கூட மாற்றாதீர்கள்; எடுத்த கையோடு எஸ்.எச்.ஏ. 256 ஹாஷைக் கணக்கிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மூலக் கருவியையே கோர்ட்டில் காட்டினால் சான்றிதழ் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் சொல்லியிருக்கிறது. போலீஸ் பெட்டியையே எடுத்துக்கொண்டு போனால் மகஜரில் மாடல் எண்ணும் டிஸ்கின் சீரியல் எண்ணும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து நகல் வாங்குங்கள். இந்த எண்களெல்லாம் கடை பில்லில் இருக்க வேண்டும். ‘கேமரா செட் 1’ என்று எழுதின பில்லை அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வெளியூரில் இருக்கிறவர் புகாரை மின்னணு முறையில் அனுப்பலாம். பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு அதை ஏற்கிறது. மூன்று நாளுக்குள் அதில் கையெழுத்துப் போட வேண்டும். சி.எஸ்.ஆர். ரசீதோடு பலர் திரும்பிவிடுகிறார்கள். அது புகார் வாங்கியதற்கு அடையாளம் மட்டுமே. இரவில் பூட்டை உடைத்துத் திருடியது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய ஐ.பி.சி.க்குப் பதில் வந்த சட்டம்) 331(4), 305 பிரிவுகளில் வரும் குற்றம், எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டிய வகை. நகல் இலவசம். பதிய மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில் தபாலில் அனுப்பலாம் என்று அதே 173-இன் 4-ஆம் உட்பிரிவு சொல்கிறது. வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகும்போது ஸ்டேஷனில் முன்கூட்டியே சொல்லி வைக்கிற வசதி காசில்லாதது; 25,000 ரூபாய் பேக்கேஜில் இல்லாத ஒன்று. ரோந்துக் காவலர் கையெழுத்துப் போடுகிற பட்டா புத்தகம் உங்கள் தெருவில் எங்கே தொங்குகிறது என்று கேட்டு வையுங்கள். புத்தகம் இருக்கிற வீட்டுப் பக்கம் காவலர் வந்தே ஆக வேண்டும்.

கடைக்காரர் சிலர் மாதச் சந்தாவுக்கு ‘நைட் வாட்ச்மேன்’ ஆளும் சேர்த்துத் தருவதாகச் சொல்வார்கள். 2005-ஆம் ஆண்டுத் தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டப்படி ஆள் அனுப்புகிற நிறுவனத்துக்கு உரிமம் வேண்டும், காவலருக்கு நன்னடத்தைச் சரிபார்ப்பும் பயிற்சியும் வேண்டும். உரிம நகலைக் கேளுங்கள். இழுத்தால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம்.

மாட்டி முடித்த அன்றே அட்மின் பாஸ்வேர்டை நீங்களே மாற்றுங்கள். மாட்டினவர் சோதனைக்கென்று தன் செல்போனில் சேர்த்த ஆப் அப்படியே இருக்கும். பயனர் பட்டியலில் பார்த்து நீக்குங்கள். வீடு எப்போது காலியாக இருக்கிறது என்பதை உங்களைவிட நன்றாகக் காட்டுகிற கருவி இது. கேமரா பக்கத்துத் தொழிலாளர் லைன் வீடுகளின் கதவையோ குளியலறைப் பக்கத்தையோ பார்க்காதபடி திருப்பி, தேவைப்பட்டால் அந்தப் பகுதியை மெனுவில் கறுப்பாக மறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் புகார் உங்கள் மேல் வரும்.

நடு ராத்திரியில் உள்நடைக் கேமரா ஆளைக் காட்டிவிட்டது என்று வையுங்கள். கேர்டேக்கரைத் தனியாகப் போய்ப் பார்க்கச் சொல்லாதீர்கள், முதல் அழைப்பு போலீஸுக்கு. இங்கே ஒரு சிக்கல் உண்டு: 112 நீங்கள் எந்த மாநிலத்திலிருந்து அடிக்கிறீர்களோ அந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும். சென்னையிலிருந்து அடித்தால் சரி. பெங்களூரில் இருந்துகொண்டு அடித்தால் கன்னடத்தில் பதில் வரும். ஆகவே உங்கள் ஸ்டேஷனின் லேண்ட்லைன் எண்ணையும் நீலகிரி மாவட்டக் காவல் கட்டுப்பாட்டு அறை எண்ணையும் போனில் பதிந்து வையுங்கள். எஸ்டேட் வீட்டுக்குக் கதவு எண் சொல்லி யாருக்கும் புரியாது. எந்த ரோடு, எந்த ஹட்டிக்கு முன்னால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், கேட்டின் நிறம், கேட் சாவி யாரிடம் என்று நாலு வரி எழுதி அந்த எண்ணோடு சேர்த்து வைத்தால், தூக்கக் கலக்கத்தில் தடுமாறாமல் அப்படியே படித்துவிடலாம்.